ஆறு பைகளும் ஓர் ஊதலும்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவில் நடப்பதே ஒரு பயிற்சிதான். தோளோடு தோள் உரசும் கூட்டம். சென்ற ஆண்டு அந்தக் கூட்டத்தில் ஒரு துணிக்கடை வாசலில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பதினைந்து வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் பச்சை நிறக் கார்கோ காற்சட்டையைக் கையில் பிடித்து அதன் பைகளை எண்ணிக்கொண்டிருந்தான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, தொடைகளின் பக்கவாட்டில் மூடியுடன் இரண்டு.

“அண்ணே, இத்தனை பையிலயும் என்னத்த வைக்கிறது?” என்று கடைக்காரரிடம் கேட்டான்.

“என்ன வேணும்னாலும் வை தம்பி, பைதான் பெரிசா இருக்கே!” என்றார் அவர்.

கடைக்காரர் விற்பனைக்காகச் சொன்ன பதில் அது. அதில் பிழையில்லை. ஆயினும், அந்த இளைஞனின் கேள்வி அதைவிட நல்ல பதிலுக்கு உரியது என்று எனக்குத் தோன்றியது. பை பெரிதாக இருக்கிறது என்பதற்காக எதையும் அதில் போட்டு வைத்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு மழை நாளில் நேரில் பார்த்தவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், அந்தப் பை ஏன் தொடைக்கு வந்தது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

‘கார்கோ’ என்றால் சரக்கு என்று பொருள். பெயரைக் கேட்டால் மூட்டை தூக்குவோருக்காகத் தைக்கப்பட்ட உடை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், அது போர்க்களத்தில் பிறந்த உடை. 1938ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவம் புதிய போர்ச் சீருடை ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதன் காற்சட்டையில், இடது தொடையின் முன்புறத்தில் ஒரு பெரிய பை இருந்தது. அது வரைபடம் வைப்பதற்கானது. வலப்புறத்தில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறிய பை இருந்தது. காயத்துக்குக் கட்டும் துணிக்கட்டு வைப்பதற்கானது அது. வீரர்கள் இடுப்பைச் சுற்றிக் கனத்த வார்களையும் தோட்டா உறைகளையும் கட்டிக்கொள்வார்கள். அவற்றுக்கு அடியில் சிக்கிய இடுப்புப் பைக்குள் கை நுழையாது. ஆகவே, பை கீழே இறங்கித் தொடைக்கு வந்தது.

அந்தச் சிறிய பையில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லா வீரருக்கும் துணிக்கட்டு ஒரே இடத்தில்தான் இருக்கும். ஒருவன் அடிபட்டு விழுந்தால், உதவிக்கு ஓடி வருபவன் தன்னுடைய துணிக்கட்டைச் செலவழிக்க மாட்டான். விழுந்தவனின் பையிலிருப்பதை எடுத்தே கட்டுவான். எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. நம் பையில் இருக்கும் பொருள் நமக்கு மட்டும் தெரிந்த இடத்தில் இருந்தால் போதாது என்பதை அந்தச் சீருடையைத் தைத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

1942இல் அமெரிக்க வான்குடைப் படைக்கு வில்லியம் யார்பரோ என்னும் அதிகாரி வடிவமைத்த சீருடையில் இரண்டு தொடைகளிலும் பெரிய பைகள் வந்தன. விமானத்திலிருந்து குதிப்பவன் தரையைத் தொடும்போது தனியாக இருப்பான். அவனுடைய மற்றச் சாமான்கள் எங்கே விழுமோ தெரியாது. 1944 ஜூன் 6ஆம் நாள் அதிகாலையில் பிரான்சின் நார்மண்டியில் குதித்த வீரர்கள் பலர், ஆயுதங்களையும் கருவிகளையும் ஒரு பெரிய பையில் அடைத்துக் காலில் கட்டிக்கொண்டு குதித்தார்கள். வான்குடை விரிந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சியில் அந்தப் பைகள் அறுந்து இருளில் விழுந்தன. தரையிறங்கிய பலரிடம் உடையின் பைகளில் இருந்தவை மட்டுமே மிஞ்சின.

நம் நாட்டுக் காடுகளும் இந்தக் காற்சட்டையை அறியும். 1948 முதல் 1960 வரை மலாயாவில் நீடித்த அவசர காலத்தின்போது, காட்டுக்குள் சென்ற படையினர் தொடைப் பை வைத்த பச்சை நிறக் காற்சட்டைகளை அணிந்தார்கள். பிறகு எல்லாப் போர் உடைகளையும் போல இதுவும் பழைய துணிச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து இளைஞர்களின் அலமாரிக்குள் நுழைந்துவிட்டது.

ஆனால், காட்டுக்குள் போகும்போது உடம்போடு ஒட்டிக்கொண்டு போக வேண்டிய பொருள் எது என்பதை நம் முன்னோர் எந்த இராணுவத்திடமும் கற்கவில்லை. என் பாட்டி காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டோடு இருட்டாக மரங்களுக்கிடையே நுழைவார். கைலி, முழுக்கைச் சட்டை, தலையில் முக்காடு. அந்த உடையில் பை என்று ஒன்றுகூடக் கிடையாது. இருந்தும், தேவையான எல்லாம் அவர் உடம்பில் இருந்தன. நெற்றியில் விளக்கு. இடுப்பில் ஒரு தகர டப்பாவில் புகைந்துகொண்டிருக்கும் கொசுவர்த்திச் சுருள். கையில் பால்வெட்டுக் கத்தி. அதைத் தீட்ட ஒரு சிறிய கல். இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் வெற்றிலை, கொஞ்சம் சில்லறை, ஒரு துண்டுத் துணி. வளையலில் மூன்று நான்கு ஊக்குகள் கோத்திருப்பார். முள் தைத்தால் ஊக்கு. சட்டை கிழிந்தால் ஊக்கு. சுருக்குப் பையின் கயிறு அறுந்தாலும் ஊக்கு.

பால் வாளி மரத்தடியில் இருக்கும். சோற்றுத் தூக்கு வேறோர் இடத்தில் தொங்கும். அவற்றை விட்டுவிட்டு ஐம்பது மரம் தள்ளிப் போய்விடுவார். ஆனால், விளக்கும் சுருக்குப் பையும் அவரை விட்டுப் பிரிந்ததே இல்லை. “கீழ வைக்கிற சாமான் வேற, மேல வைக்கிற சாமான் வேற” என்பார். சிறுவனாக இருந்தபோது எனக்கு அது விளங்கவில்லை. மேலே என்றால் பரண்மேல் என்று நினைத்துக்கொண்டேன்! அவர் சொன்னது உடம்பின்மேல்.

இனி, அந்த மழை நாளுக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியிலிருந்து இருபத்து நான்கு மாணவர்களை உலு லங்காட் பக்கமுள்ள ஒரு குன்றுக்கு அழைத்துச் சென்றோம். ஆசிரியர்கள் மூவர். எல்லாருக்கும் முதுகுப்பை, அதில் தண்ணீர், உணவு, மழையங்கி. முதலுதவிப் பெட்டி என்னிடம் இருந்தது. ஏற்பாட்டில் குறையில்லை என்றே நினைத்தோம். திரும்பும் வழியில் ஓர் ஓடையருகே சற்று இளைப்பாறினோம். படிவம் நான்கில் பயின்ற ஒரு மாணவன் முதுகுப்பையைக் கழற்றி ஒரு பாறைமேல் வைத்துவிட்டு, “இதோ வந்துடுறேன் சார்” என்று புதருக்குப் பின்னால் ஒதுங்கினான். இரண்டு நிமிட வேலை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈர மண்ணில் கால் வழுக்கி, அவன் சரிவில் உருண்டு கீழே போய்விட்டான். கணுக்கால் பிசகியதால் அவனால் ஏற முடியவில்லை.

அவனைக் கண்டுபிடிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. பிறகு நடந்து பார்த்தபோது, அவன் கிடந்த இடம் அந்தப் பாறையிலிருந்து எண்பது மீட்டர்கூட இல்லை.

அவன் சும்மா இருக்கவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறான். ஓடையின் இரைச்சலும் இலைகளில் விழும் மழையின் ஓசையும் அந்தக் குரலை அப்படியே விழுங்கிவிட்டன. நாங்கள் கத்தியதும் அவனுக்குக் கேட்கவில்லை. கைப்பேசியில் அலைவரிசை இல்லை. அவன் அணிந்திருந்தது ஆறு பை வைத்த கார்கோ காற்சட்டை. அவற்றில் என்னென்ன இருந்தன என்று பிறகு எடுத்து வைத்துப் பார்த்தோம்: ஒரு பவர் பேங்க், காதொலிப்பான், இரண்டு பொட்டலம் முறுக்கு, ஒரு சீப்பு, பழைய சினிமா டிக்கெட்டுகள். முறுக்கு நொறுங்கி மாவாகிவிட்டிருந்தது. பயன்படும் பொருள் எல்லாம் பாறைமேல் இருந்த முதுகுப்பையில் பத்திரமாக இருந்தது.

கடைசியில் அவனைக் காப்பாற்றியவை இரண்டு கற்கள். குரல் போன பிறகு, சாரணர் இயக்கத்தில் கற்றது நினைவுக்கு வந்து, இரு கற்களை ஒன்றோடொன்று மோதத் தொடங்கினான். மூன்று தட்டு, சற்று இடைவெளி, மீண்டும் மூன்று தட்டு. மழை சற்றே ஓய்ந்தபோது என் சக ஆசிரியர் ஒருவரின் காதில் அது விழுந்தது. காட்டில் ஆயிரம் ஓசை உண்டு. ஆனால், எண்ணி ஒலிக்கும் ஓசையை மனிதன்தான் எழுப்புவான்.

அன்று முதல் நான் மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும்போது முதுகுப்பையைச் சோதிப்பதற்கு முன் காற்சட்டைப் பையைச் சோதிக்கிறேன். ‘இப்போது உன் முதுகுப்பை இல்லை என்று வைத்துக்கொள். உன்னிடம் என்ன இருக்கிறது?’ என்று கேட்பேன். முதல்முறை கேட்கும்போது பெரும்பாலோர் கைப்பேசியை மட்டும் நீட்டுவார்கள்.

முதற்பொருள் ஊதல். விலை சில ரிங்கிட்தான். எடை சில கிராம். மனிதக் குரல் சில நிமிடங்களில் களைத்துவிடும். ஊதலுக்கு மூச்சு போதும், நெடுநேரம் ஊதலாம், அதன் கூர்மையான ஒலி குரலைவிட வெகுதொலைவு செல்லும். உள்ளே சிறு உருண்டை இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள். நனைந்தாலோ மண் புகுந்தாலோ அந்த உருண்டை சிக்கிக்கொள்ளும். கனடாவைச் சேர்ந்த கூடைப்பந்து நடுவர் ரோன் பாக்ஸ்கிராஃப்ட் என்பவருக்கும் இதுதான் நேர்ந்தது. 1984இல் பிரேசிலில் நடந்த ஒரு போட்டியின் முக்கியமான கட்டத்தில் அவர் ஊதினார், ஊதல் ஒலிக்கவில்லை, அரங்கமே அவர்மீது பாய்ந்தது. அந்த அவமானம் பொறுக்காமல் உருண்டையே இல்லாத ஊதலை உருவாக்கி 1987இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று மீட்புப் பணியாளர் பலரும் பயன்படுத்துவது அவ்வகை ஊதலைத்தான். மலையேறிகளின் அனைத்துலக அபாயக் குறி நிமிடத்துக்கு ஆறு முறை. பிறகு ஒரு நிமிட அமைதி. மூன்று மூன்றாக ஊதுவதும் பல நாடுகளில் அபாயக் குறியாகவே கொள்ளப்படுகிறது. எத்தனை முறை என்பது மறந்துபோனாலும், எண்ணி ஊதி இடைவெளி விடுவதை மறவாதீர்கள். அந்த இடைவெளியில்தான் பதில் வருகிறதா என்று கேட்க முடியும்.

இரண்டாவது, ஒரு சிறு கைவிளக்கு. கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய இரவு ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் மறைகிறது. மரங்கள் அடர்ந்த இடத்தில் அதற்கு அரைமணி நேரம் முன்பே கண் தெரியாது. கைப்பேசியில்தான் விளக்கு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால், நீங்கள் உதவிக்கு அழைக்க வேண்டிய மின்னாற்றலைத்தான் அது தின்கிறது. அலைவரிசை கிடைக்காத இடத்தில் கைப்பேசி விடாமல் தேடிக்கொண்டே இருப்பதால் மின்கலம் வேறு வேகமாகத் தீரும். அழைக்காத நேரத்தில் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். அவசர எண் 999. கைப்பேசியிலிருந்து 112ஐயும் அழைக்கலாம். அழைப்பு போகாத இடத்தில் சில வேளை குறுஞ்செய்தி போகும்.

மூன்றாவது பொருளைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். அது குப்பைப் பை! ஆள் உயரத்துக்குப் பெரியது, மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத்தது. மடித்தால் கைக்குட்டை அளவுதான். தொடைப் பையில் தட்டையாகக் கிடக்கும். மழை பிடித்தால் முகம் வெளியே தெரியுமாறு ஓட்டை கிழித்து மாட்டிக்கொள்ளலாம். தலையை மட்டும் ஒருபோதும் முழுவதும் மூடக்கூடாது. ஈர மண்ணில் விரித்து அமரலாம். பசுமைக்கு நடுவே அந்த நிறம் தொலைவிலிருந்தே தெரியும். நமது வட்டாரத்தில், குறிப்பாகப் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும், காலையில் வெயில் கொளுத்தும். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். காலை வானத்தைப் பார்த்து மழையங்கியை வீட்டில் வைத்துவிட்டு வருபவரை இந்த மஞ்சள் பை காப்பாற்றும்.

மற்றவை சிறியன. இரண்டு பிளாஸ்டர், பாட்டியின் நினைவாக இரண்டு ஊக்கு, ஒரு பொட்டலம் உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள், ஒரு பெரிய பருத்திக் கைக்குட்டை. கைக்குட்டை வியர்வைக்கு மட்டுமன்று. கழுத்தில் நனைத்துப் போட்டால் வெப்பம் தணியும். முக்கோணமாக மடித்தால் கைக்குத் தூளி. சுற்றி அழுத்தினால் இரத்தம் நிற்கும். அட்டைக் கடிக்கென்று உப்பைப் பையில் கட்டிக்கொண்டு வருவோர் உண்டு. உப்பு போட்டால் அட்டை, தான் குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிட்டு விழ வாய்ப்புண்டு. விரல் நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளி அதன் வாயை விடுவிப்பதே நல்லது. இழைப்பு நோய் போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் மருந்தை முதுகுப்பையில் வைக்கக்கூடாது. பையில்தான் வைக்க வேண்டும். எந்தப் பையில் என்பதை உடன் வரும் இருவருக்காவது சொல்லி வைக்க வேண்டும்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். தொடைப் பை இடுப்பிலிருந்து தள்ளித் தொங்குவதால், அதில் கனமான பொருளை வைத்தால் ஒவ்வோர் அடிக்கும் ஊசலாடி முழங்காலில் இடிக்கும். நூறு அடியில் தெரியாது; ஐயாயிரம் அடியில் தெரியும். தண்ணீர்ப் புட்டியும் பவர் பேங்கும் அங்கே வைக்கத் தக்கவை அல்ல. தட்டையான, இலேசான பொருள்களே தொடைக்கு உரியவை. அந்தக் காலத்து வரைபடத்தைப் போல. ஊதலை முன்பையில், கயிற்றால் இடுப்புவார் வளையத்தில் கட்டி வையுங்கள். பின்பைகளை நான் காலியாகவே விடுவேன். வழுக்கி விழுபவன் பெரும்பாலும் அங்கேதான் விழுவான்.

காற்சட்டை வாங்கும்போது தொடைப் பையின் அடியைத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் சிறு துளை இருக்கும். அது தையற்பிழையன்று, ஓடையைக் கடந்தபின் நீர் வடிவதற்காக வைத்தது. கனத்த டெனிம் துணி நனைந்தால் இரும்பாகக் கனக்கும். காய நெடுநேரம் ஆகும். விரைவில் உலரும் மெல்லிய துணியே நம் வானிலைக்கு ஏற்றது.

காட்டுக்குப் போகாதவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நகரத்தில் நடக்கும்போதும் கைப்பையும் முதுகுப்பையும் நம்மை விட்டுப் பிரியத்தான் செய்கின்றன. 2021 டிசம்பர் 18ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்ததாக அதிகாரிகள் கூறினார்கள். ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவிலும், கிள்ளானிலும், உலு லங்காட்டிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பலர் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி மீட்புப் படகுக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு பெட்டி அடுக்க நேரமிருக்காது. அடையாள அட்டையும், கைப்பேசியும், அன்றாடம் உட்கொள்ளும் மருந்தும் ஒரு நெகிழிப் பையில் சுற்றிக் காற்சட்டைப் பைக்குள் இருந்தால், இரண்டு கைகளும் குழந்தையையோ தாத்தாவையோ பிடித்துக்கொள்ளக் கிடைக்கும்.

சாதாரண நாளுக்கு இன்னும் எளிது. பன்னிரண்டு வயது நிறைந்தவர் அடையாள அட்டையை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டுச் சாவி, பயண அட்டை, கைக்குட்டை. இவற்றோடு நான் வற்புறுத்துவது இரண்டு. ஒன்று, மடித்து வைத்த ஐந்து ரிங்கிட் நோட்டுகள் சில. ஐந்து ரிங்கிட் நோட்டு நெகிழியால் ஆனது, நனைந்தாலும் கிழியாது. பத்து ரிங்கிட் நோட்டு காகிதம். மற்றொன்று, பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். உங்களில் எத்தனை பேருக்கு அம்மாவின் எண் மனப்பாடமாகத் தெரியும்? கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துபோன அன்று, கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் அன்புள்ளம் கொண்ட ஒருவர் தம் கைப்பேசியை நீட்டினாலும், எந்த எண்ணை அழுத்துவீர்கள்?

கேஎல் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் நெடுங்காலமாக அங்கு இயங்கி வருவதால், ஜாலான் துன் சம்பந்தன் நடைபாதைகளில் வெண்கோல் ஊன்றி நடப்போரை அடிக்கடி காணலாம். ஒருமுறை அங்கு ஒரு தோசைக் கடையில் எனக்கு முன் நின்ற பெரியவர் பணம் செலுத்தினார். சட்டைப்பையில் கை விட்டார்; தடவவில்லை, துழாவவில்லை. ஒரு நோட்டை நீளவாக்கில் மடித்திருந்தார். மற்றொன்றை நான்காக மடித்திருந்தார். விரல் பட்டதுமே எது எத்தனை ரிங்கிட் என்று அவருக்குத் தெரிந்தது. பார்வையுள்ள நான் அவருக்குப் பின்னால் நின்று, ஆறு பைகளையும் தட்டிப் பார்த்துச் சாவியை எடுத்து, காகிதத்தை எடுத்து, கடைசியில்தான் பணத்தை எடுத்தேன். என் பின்னால் வரிசை நீண்டது.

அன்று வீட்டுக்கு வந்து ஒரு சோதனை செய்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, என் பையிலிருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எடுத்தேன். ஐந்தில் மூன்றுதான் சொன்ன இடத்தில் இருந்தன. மழை இருளில் சரிவில் கிடக்கும் ஒருவனுக்கு, ஊதலைப் பையில் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. இப்போது என் மாணவர்களுக்கும் இந்தச் சோதனையைக் கொடுக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டு, ‘ஊதல்’ என்று நான் சொன்னதும் ஊத வேண்டும். முதல் வாரத்தில் சீப்பை எடுத்து ஊதியவர்களும் உண்டு!

வைக்கக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கத்தி. காட்டுக்குப் போகிறவருக்குக் கத்தி தேவைதானே என்று எண்ணி மடக்குக் கத்தியைத் தொடைப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பும் வழியில் அப்படியே பேரங்காடிக்குள் நுழைபவர்கள் இருக்கிறார்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். மாணவர்களுக்குக் கத்தியும் தீப்பெட்டியும் வேண்டாம். முகாமில் தேவைப்பட்டால் பொறுப்பாசிரியரிடம் இருக்கட்டும். அடுத்து, கழற்றிய மின்கலங்களைச் சாவியோடும் சில்லறையோடும் ஒரே பையில் போடாதீர்கள். உலோகம் இரு முனைகளையும் தொட்டால் மின்கலம் சூடேறித் தொடையைச் சுட்டுவிடும். டிங்கிக் காய்ச்சல் மிகுந்த சிலாங்கூரில் கொசு விரட்டி மருந்து நல்ல துணைதான். ஆயினும், ‘டீட்’ கலந்த மருந்து கசிந்தால் நெகிழியை அரிக்கும். ஆகவே, அதைக் கைப்பேசியும் மூக்குக் கண்ணாடியும் இருக்கும் பையில் வைக்கக்கூடாது. நெரிசலான ரயிலில் ஒட்டுப்பட்டி மட்டும் உள்ள தொடைப் பையில் பணப்பையை வைப்பது, கையெட்டும் தூரத்தில் அதை அடுத்தவரிடம் கொடுப்பதற்குச் சமம். ஜிப்பு வைத்த முன்பை அதற்கு உகந்தது.

ஒவ்வொரு மாலையும் எல்லாப் பைகளையும் மேசைமேல் கொட்டிவிடுங்கள். மிட்டாய்க் காகிதமும் ரசீதும் குப்பைக்குப் போகட்டும். மற்றவை மறுநாள் காலை மீண்டும் அதே பைக்குள் போகட்டும். மறந்து சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டால், ஐந்து ரிங்கிட் நோட்டு பிழைக்கும், ஊதலும் பிழைக்கும். தொலைபேசி எண் எழுதிய காகிதம்தான் பிழைக்காது. அதைச் சிறிய நெகிழி உறையில் இடுங்கள். பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதுங்கள். மழை பட்டால் மை கரைந்து எண் அழியும். பென்சில் எழுத்து நனைந்தாலும் நிற்கும்.